நான்கு உறுப்புகளை இரண்டிரண்டாகச் சேர்ப்பது: தொகுத்துக் காரணிப்படுத்தும் முறை

x³ + 3x² + 2x + 6 = 0 என்ற சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். இது முப்படிச் சமன்பாடு. மனப்பாடமாக வைத்திருக்கும் இருபடிச் சூத்திரம் இங்கே பயன்படாது. நான்கு உறுப்புகளிலும் பொதுவாக இருந்து வெளியே எடுக்கக்கூடிய காரணி எதுவும் இல்லை. ஆனால் முதல் இரண்டு உறுப்புகளை மட்டும் பார்த்தால் x² பொதுவாக இருக்கிறது. கடைசி இரண்டில் 2 பொதுவாக இருக்கிறது. இரண்டையும் தனித்தனியே வெளியே எடுத்துப் பார்க்கலாம்:

x³ + 3x² + 2x + 6
= x²(x + 3) + 2(x + 3)
= (x + 3)(x² + 2)

இரண்டாம் வரியில் இரு அடைப்புக்குறிகளுக்குள்ளும் அதே x + 3 வந்து நிற்கிறது. அதை ஒரே பொருளாகப் பார்த்தால் அதுவே பொதுக் காரணி. அதையும் வெளியே எடுத்ததும் காரணிப்படுத்தல் முடிந்தது. பங்கீட்டுப் பண்பைப் பின்னோக்கி இருமுறை பயன்படுத்தியிருக்கிறோம், அவ்வளவுதான்.

செய்முறை மூன்றே வரி. அப்படியிருந்தும் வீட்டுப்பாடத்தில் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். எந்த உறுப்பை எதோடு சேர்ப்பது, குறைக் குறியை எப்படி வெளியே எடுப்பது, இந்தக் கோவை இம்முறைக்கு வசப்படுமா என்பதை எப்படி முன்கூட்டியே அறிவது என்ற கேள்விகள் எழும். இவற்றுக்குப் பெரும்பாலும் ஒரே சோதனை பதில் சொல்லிவிடும். பாடப்புத்தகப் பயிற்சிகளில் அது அரிதாகவே தென்படுகிறது. முதல் நாளிலேயே கற்பிக்கத் தகுந்த சோதனை அது.

எதிர்மூலைச் சோதனை

இரண்டு ஈருறுப்புக் கோவைகளைப் பெருக்கினால் நான்கு உறுப்புகள் கிடைக்கும்:

(a + b)(c + d) = ac + ad + bc + bd

இந்த நான்கையும் ஒரு சதுரத்தின் நான்கு கட்டங்களில் எழுதுங்கள். மேல் வரிசையில் ac, ad. கீழ் வரிசையில் bc, bd. இப்போது எதிர்மூலைகளைப் பெருக்குங்கள். ac × bd என்பது abcd. ad × bc என்பதும் abcd. ஆக, இப்படிப் பிறந்த எந்த நான்கு உறுப்புகளிலும் ஓர் எதிர்மூலைச் சோடியின் பெருக்கற்பலன் மற்றச் சோடியின் பெருக்கற்பலனுக்குச் சமமாக இருந்தே தீரும்.

இதைத் திருப்பியும் சொல்லலாம். நான்கு உறுப்புகளில் இரண்டின் பெருக்கற்பலன் மற்ற இரண்டின் பெருக்கற்பலனுக்குச் சமமாக இருந்தால், இரண்டிரண்டாகத் தொகுப்பது கட்டாயம் பலிக்கும். காரணம் விகிதம். முதல் உறுப்பை இரண்டாவதால் வகுத்தால் வரும் ஈவும், மூன்றாவதை நான்காவதால் வகுத்தால் வரும் ஈவும் ஒன்றே. ஆகவே ஒவ்வொரு குழுவிலும் மீப்பெரு பொதுக் காரணியை எடுத்த பிறகு மிஞ்சுவது ஒரே கோவையாக இருக்கும். அதிகம் போனால் குறி மட்டும் மாறியிருக்கும்.

மேலே கண்ட கோவையில் சரிபார்ப்போம். x³ × 6 = 6x³. 3x² × 2x = 6x³. இரண்டும் சமம் என்பதால் தொகுக்கலாம்.

எதைச் சேர்ப்பது என்பதற்கும் இதிலேயே விடை கிடைக்கிறது. எதிர்மூலையில் நிற்கும் இரண்டை ஒரே குழுவில் போடக்கூடாது. மற்றபடி எப்படிச் சேர்த்தாலும் சரி. xy + 6 + 2x + 3y என்று உறுப்புகள் கலைந்து வந்தால், முதல் இரண்டில் பொதுவாக எதுவும் இல்லை. xy × 6 = 6xy, 2x × 3y = 6xy. எனவே xy-உம் 6-உம் எதிர்மூலைகள், அவற்றைப் பிரிக்க வேண்டும். xy + 2x + 3y + 6 என்று மாற்றி எழுதினால் x(y + 2) + 3(y + 2), அதாவது (y + 2)(x + 3). அல்லது xy + 3y + 2x + 6 என்று எழுதினால் y(x + 3) + 2(x + 3). முடிவில் கிடைப்பது அதே விடைதான்.

x³ + 2x² + 3x + 4 என்பதில் x³ × 4 = 4x³, 2x² × 3x = 6x³. பொருந்தவில்லை. நான்கு உறுப்புகளை எதிர்மூலைச் சோடிகளாக மூன்று விதமாகத்தான் பிரிக்க முடியும். மற்ற இரண்டு விதங்களில் x-இன் அடுக்குகளே ஒத்துப்போகவில்லை. ஆக இரண்டிரண்டாகத் தொகுப்பது இங்கே பலிக்காது என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. இந்தச் சோதனை இல்லாதவர் x²(x + 2) + 1(3x + 4) என்று எழுதிவிட்டு, அடைப்புகள் ஏன் ஒத்துவரவில்லை என்று பக்கம் பக்கமாகத் தேடிக்கொண்டிருப்பார்.

ஒரு முன்வேலை உண்டு. எல்லா உறுப்புகளுக்கும் பொதுவான காரணி இருந்தால் அதை முதலிலேயே வெளியே எடுத்துவிடுங்கள். 2x⁴ + 6x³ − 18x² − 54x என்பதில் 2x பொது. எடுத்தால் 2x(x³ + 3x² − 9x − 27). உள்ளே இருப்பதைத் தொகுத்தால் x²(x + 3) − 9(x + 3). எனவே 2x(x + 3)(x² − 9). இத்தோடு நிறுத்திவிடக் கூடாது. x² − 9 என்பது இரு வர்க்கங்களின் வித்தியாசம், இன்னும் உடையும். முழு விடை 2x(x + 3)²(x − 3). தொகுத்து முடித்ததும் ஒவ்வொரு அடைப்புக்குள்ளும் மறுபடி ஒருமுறை பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

குறிகளில் நடக்கும் தவறுகள்

இம்முறையில் மதிப்பெண் போவது பெரும்பாலும் குறைக் குறியால்தான். x³ − 5x² − 4x + 20 என்பதைப் பாருங்கள். முதல் குழு x²(x − 5). இரண்டாம் குழு −4x + 20. இதிலிருந்து 4-ஐ எடுத்தால் 4(−x + 5) வரும், அது x − 5-உடன் ஒட்டாது. −4-ஐ எடுக்க வேண்டும். அப்போது உள்ளே இரு உறுப்புகளின் குறியும் மாறும்: −4(x − 5). ஆகவே

x²(x − 5) − 4(x − 5) = (x − 5)(x² − 4) = (x − 5)(x − 2)(x + 2)

பலர் −4(x + 5) என்று எழுதிவிடுகிறார்கள். −4-ஐ எடுத்தபோது −4x மட்டும் x ஆக மாறியது, 20-இன் குறி மாறவில்லை. திரும்பப் பெருக்கினால் −4x − 20 வரும், தவறு உடனே தெரிந்துவிடும். இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பிழை, குழு பிரிக்கும்போதே (x³ − 5x²) − (4x + 20) என்று எழுதுவது. அடைப்புக்கு முன்னால் உள்ள குறைக் குறி, உள்ளே இருக்கும் 20-ஐயும் குறையாக்கிவிட்டது. இதைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. குழுக்களுக்கு இடையே எப்போதும் கூட்டல் குறியை மட்டும் போட்டு, உறுப்பின் குறியை அடைப்புக்குள்ளேயே வையுங்கள்: (x³ − 5x²) + (−4x + 20). இரண்டாம் குழு குறைக் குறியில் தொடங்கினால், பொதுக் காரணியோடு அந்தக் குறியையும் சேர்த்து எடுங்கள்.

சில நேரம் அடைப்புகள் தலைகீழாக வரும். 3x² − 12x + 20 − 5x என்பதை எழுதியிருக்கும் வரிசையிலேயே தொகுத்தால் 3x(x − 4) + 5(4 − x). இங்கே 4 − x என்பது −(x − 4). எனவே 3x(x − 4) − 5(x − 4), அதாவது (x − 4)(3x − 5). இப்படி மாற்றுவது எப்போது செல்லும் என்பதில் கவனம் வேண்டும். x + 4-உம் 4 + x-உம் ஒன்றே. x − 4-உம் 4 − x-உம் குறி மாறிய ஒன்றே. ஆனால் x + 4-க்கும் x − 4-க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்த இரண்டும் எதிரெதிரே வந்து நின்றால், எங்கோ குறி தவறியிருக்கிறது அல்லது கோவை தொகுப்புக்கு ஏற்றதல்ல.

x³ + x² + x + 1 போன்றவற்றில் இரண்டாம் குழுவில் பொதுக் காரணி 1 மட்டுமே. அந்த 1-ஐ எழுதியே ஆகவேண்டும்: x²(x + 1) + 1(x + 1) = (x + 1)(x² + 1). எழுதாமல் விட்டால் அடுத்த வரியில் அது காணாமல் போய், (x + 1)x² என்று முடிந்துவிடும்.

x²(x + 3) + 2(x + 3) என்ற வரியோடு நிறுத்துவதும் தவறு. அது இன்னும் ஒரு கூட்டல். பெருக்கலாக மாறினால்தான் காரணிப்படுத்தியதாக அர்த்தம். அதே வரியிலிருந்து (x + 3)²(x² + 2) என்று போவதும் அடிக்கடி காணப்படும் பிழை. இரண்டு இடங்களில் இருந்தாலும் பொதுக் காரணி ஒருமுறைதான் வெளியே வரும். 7 × 5 + 2 × 5 என்பது 9 × 5, அதில் 5² எங்கிருந்தும் வராது.

நடு உறுப்பைப் பிரித்தல்

இருபடிக் கோவைக்கு மூன்று உறுப்புகள்தானே, அதை எப்படி இரண்டிரண்டாகச் சேர்ப்பது? உண்மையில் அதற்கும் நான்கு உறுப்புகள் இருந்தன. (2x + 1)(3x + 4) என்பதைப் பெருக்கினால் 6x² + 8x + 3x + 4. நடுவில் உள்ள இரண்டும் ஒத்த உறுப்புகள் என்பதால் கூடி 11x ஆகிவிட்டன. நடு உறுப்பைப் பிரிப்பது என்பது அந்தக் கூட்டலை அவிழ்ப்பது.

11-ஐ 5 + 6, 4 + 7, 10 + 1 என்று எத்தனையோ விதமாகப் பிரிக்கலாம். சரியான பிரிவு எது என்பதை எதிர்மூலைச் சோதனை சொல்லும். நடு இரண்டின் பெருக்கற்பலன், முதலும் கடைசியும் பெருகி வருவதற்குச் சமமாக வேண்டும். 6x² × 4 = 24x². எனவே பெருக்கினால் 24, கூட்டினால் 11 வரும் இரண்டு எண்கள் தேவை. அவை 3, 8. “x²-இன் கெழுவை மாறிலியால் பெருக்கு, அந்தப் பெருக்கற்பலனுக்குக் காரணிகள் தேடு” என்று வகுப்பில் சொல்லித்தரும் விதி இதிலிருந்துதான் வருகிறது.

6x² + 3x + 8x + 4 = 3x(2x + 1) + 4(2x + 1) = (2x + 1)(3x + 4)

8x-ஐ முதலில் எழுதினாலும் 2x(3x + 4) + 1(3x + 4) என்று அதே விடை வரும். வரிசையைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் 5x + 6x என்று பிரித்தால் x(6x + 5) + 2(3x + 2) என்று அடைப்புகள் ஒட்டாமல் நிற்கும், ஏனென்றால் 5 × 6 = 30, 24 அல்ல.

அந்தச் சோடியைத் தேடுவதில் ஒழுங்கு இருந்தால் நேரம் மிச்சமாகும். பெருக்கற்பலன் 120 என்று வைத்துக்கொள்வோம். 1-இலிருந்து தொடங்கி வரிசையாக எழுதினால் 1, 120; 2, 60; 3, 40; 4, 30; 5, 24; 6, 20; 8, 15; 10, 12. மொத்தம் எட்டுச் சோடிகள், எதுவும் விடுபடவில்லை. 12x² + 23x + 10 என்பதில் பெருக்கற்பலன் +120. மிகை என்பதால் இரு எண்களுக்கும் ஒரே குறி, கூட்டுத்தொகை 23 வரும் சோடியைத் தேடினால் 8, 15. விடை 4x(3x + 2) + 5(3x + 2) = (3x + 2)(4x + 5). 6x² − 7x − 20 என்பதில் பெருக்கற்பலன் −120. குறை என்பதால் குறிகள் வேறு வேறு, வித்தியாசம் 7 வரும் சோடி வேண்டும். அதுவும் 8, 15 தான். நடு உறுப்பு −7x என்பதால் பெரிய எண்ணுக்கே குறைக் குறி:

6x² − 15x + 8x − 20 = 3x(2x − 5) + 4(2x − 5) = (2x − 5)(3x + 4)

எண்கள் பெரிதாக இருந்து தேடல் நீண்டால் நேர்வழி ஒன்று இருக்கிறது. இரு எண்களின் கூட்டுத்தொகையை வர்க்கப்படுத்தி, பெருக்கற்பலனின் 4 மடங்கைக் கழித்தால், அவற்றின் வித்தியாசத்தின் வர்க்கம் கிடைக்கும். இங்கே கூட்டுத்தொகை −7, பெருக்கற்பலன் −120. 49 + 480 = 529 = 23². கூட்டுத்தொகை −7, வித்தியாசம் 23 என்றால் எண்கள் 8, −15. பத்தாம் வகுப்பில் தன்மைக்காட்டி என்று படிப்பது இதே 529-ஐத்தான். அது முழு வர்க்கமாக இல்லாவிட்டால் தேடுவதை அங்கேயே விட்டுவிடலாம். 3x² + 5x + 1 என்பதில் 25 − 12 = 13, முழு வர்க்கம் அல்ல. முழு எண்களைக் கொண்டு இதைக் காரணிப்படுத்தவே முடியாது. பின்னங்களைப் போட்டால் கிடைக்குமோ என்றும் யோசிக்க வேண்டாம். முழு எண் கெழுக்கள் கொண்ட கோவை பின்னக் கெழுக்களோடு காரணிப்படுமானால் முழு எண் கெழுக்களோடும் காரணிப்படும் என்பது காஸ் பெயரால் வழங்கும் தேற்றம். இங்கே இருபடிச் சூத்திரம்தான் வழி.

சமன்பாட்டுக்கு வருவோம்

காரணிப்படுத்திய பின் தீர்வு காண்பது, பெருக்கற்பலன் பூச்சியம் என்றால் காரணிகளில் ஒன்றாவது பூச்சியமாக இருக்கவேண்டும் என்ற ஒரே உண்மையில் நிற்கிறது. (2x − 5)(3x + 4) = 0 என்றால் x = 5/2 அல்லது x = −4/3. தொடக்கத்தில் பார்த்த (x + 3)(x² + 2) = 0 என்பதில் x = −3 மட்டுமே மெய்யெண் தீர்வு. x² + 2 எந்த மெய்யெண்ணுக்கும் பூச்சியமாகாது.

வலப்பக்கம் பூச்சியம் இல்லாவிட்டால் இந்த உண்மை செல்லாது. 6x² − 7x = 20 என்பதை x(6x − 7) = 20 என்று எழுதி, x = 20 அல்லது 6x − 7 = 20 என்று முடிப்பவர்கள் உண்டு. இரண்டு எண்களின் பெருக்கற்பலன் 20 என்பதால் அவற்றில் ஒன்று 20 ஆகிவிடாது. முதலில் எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவர வேண்டும், பிறகே காரணிப்படுத்தல். பாடப்புத்தகங்கள் ‘= 0’ என்ற வடிவத்தை வலியுறுத்துவது இதற்காகத்தான்.

மாறியால் வகுப்பதும் ஆபத்து. 2x⁴ + 6x³ − 18x² − 54x = 0 என்பதை 2x-ஆல் வகுத்துவிட்டுத் தொடங்கினால் x = 0 என்ற தீர்வு தொலைந்துவிடும். 2-ஆல் மட்டும் வகுக்கலாம், x-ஐக் காரணியாக வைத்துக்கொள்ளுங்கள். தீர்வுகள் 0, 3, −3. இதில் −3 இரட்டை மூலம்.

விடையைச் சரிபார்க்க முழுவதும் பெருக்கிப் பார்ப்பதே உறுதியான வழி. நேரம் இல்லாதபோது x = 10 என்று போடுங்கள். x³ + 3x² + 2x + 6 என்பது 1000 + 300 + 20 + 6 = 1326. (x + 3)(x² + 2) என்பது 13 × 102 = 1326. x = 1 போட்டுப் பார்ப்பது சுலபம்தான், ஆனால் 1-இன் எல்லா அடுக்குகளும் 1 என்பதால் x²-க்குப் பதில் x என்று எழுதிய பிழை அதில் சிக்காது.

இரண்டிரண்டுக்கு அப்பால்

நான்கு உறுப்புகள் என்றாலே 2 + 2 என்று இல்லை. x² + 6x + 9 − y² என்பதில் எதிர்மூலைச் சோதனை தோற்கும். முதல் மூன்றைச் சேர்த்தால் (x + 3)² − y², அதாவது (x + 3 − y)(x + 3 + y). நான்கில் மூன்று உறுப்புகள் வர்க்கங்களாக இருந்து, அவற்றில் ஒன்று குறைக் குறியோடு நின்றால் 3 + 1 என்ற தொகுப்பை முயன்று பாருங்கள்.

சோதனை தோற்றால் கோவை காரணிப்படாது என்றும் முடிவு கட்டிவிட முடியாது. x³ − 6x² + 11x − 6 என்பதில் முதல் × கடைசி −6x³, நடு இரண்டின் பெருக்கற்பலன் −66x³. இரண்டிரண்டாகத் தொகுக்க முடியாது. ஆனால் x = 1 என்று பிரதியிட்டால் 1 − 6 + 11 − 6 = 0. காரணித் தேற்றத்தின்படி x − 1 ஒரு காரணி. இது தெரிந்துவிட்டால், ஒவ்வொரு குழுவிலும் x − 1 வரும்படி நாமே உறுப்புகளைப் பிரித்துக்கொள்ளலாம். x³-க்குத் துணையாக −x² வேண்டும், எனவே −6x²-ஐ −x² − 5x² என்று பிரிக்கிறோம். −5x²-க்குத் துணையாக 5x வேண்டும், எனவே 11x-ஐ 5x + 6x என்று பிரிக்கிறோம். 6x-க்குத் துணையாக −6 ஏற்கெனவே இருக்கிறது:

x³ − x² − 5x² + 5x + 6x − 6
= x²(x − 1) − 5x(x − 1) + 6(x − 1)
= (x − 1)(x² − 5x + 6)
= (x − 1)(x − 2)(x − 3)

அடைப்புகளுக்கு வெளியே நின்ற கெழுக்கள் 1, −5, 6. தொகுமுறை வகுத்தலில் 1-ஐ இடப்பக்கம் வைத்து 1, −6, 11, −6 என்று எழுதி வகுத்தால், கீழ் வரிசையில் இதே 1, −5, 6 வந்து, மீதி 0 ஆகும். அங்கே ஒவ்வொரு படியிலும் கூட்டி எழுதுவது, இங்கே நடு உறுப்புகளைப் பிரித்த அதே கணக்கைத்தான்.